பெயர் வரிசையைப் பாருங்கள், கருத்து தெரியும்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். பூர்வீகம் காரைக்குடிப் பக்கத்துக் கிராமம், பிறந்து வளர்ந்தது சென்னை, விசேஷத்துக்கு மட்டும் வந்து போகிறவர். வந்தால் எல்லோரும் வாய் நிறைய 'வாங்க' என்கிறார்கள், இலை நிறையப் போடுகிறார்கள், ஆனால் அரசியல், சினிமா, பூர்வீக வீட்டுப் பங்கு என்று எதைக் கேட்டாலும் மழுப்புகிறார்கள், அங்கேயே இருக்கிற யாராவது மனதில் உள்ளதை ஒளிக்காமல் சொல்லுங்களேன் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், பெரியப்பாவிடம் வீட்டுப் பேச்சை எப்படி எடுப்பது என்றும் ஒரு வரி. சரி, சொல்கிறேன்.

நான் செட்டியார் இல்லை. அப்பா காலத்திலிருந்து எங்களுக்குக் காரைக்குடியில் அச்சகம். அவர் எழுத்துக் கோத்தவர். நான் காலால் மிதித்து ஓட்டுகிற டிரெடில் மெஷினில் பழகி, அப்புறம் டிடிபி, ஆஃப்செட் என்று மாறி, இப்போது வேறு வழியில்லாமல் ஃப்ளெக்ஸும் அடித்துக் கொடுக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கோயில் திருப்பணி ரசீதுப் புத்தகம், கட்சி நோட்டீஸ், ஒரு காலத்தில் சினிமா பிட் நோட்டீஸ், எல்லாம் என் மேசை வழியாகப் போனவைதான். அச்சகக்காரனுக்குக் கருத்து இருக்கக் கூடாது. 'ஆர்ட் பேப்பரா, மேப்லித்தோவா?' அதற்கு மேல் நான் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. இப்போது சொல்லப் போவதை முப்பது வருஷப் பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊர்க்காரர்களுக்குக் கருத்தே இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். மற்ற ஊர்க்காரர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது. வாயால் சொல்ல மாட்டார்கள், வரிசையால் சொல்வார்கள். ஒருமுறை ஒரு பெரியவர் பேத்தி கல்யாணப் பத்திரிகைக்கு ப்ரூஃப் பார்க்க வந்தார். மேட்டரில் ஒரு பிழை கிடையாது, விலாசம் சரி, முகூர்த்த நேரம் சரி, ஐந்து நிமிஷ வேலை. முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். காபி வாங்கிக் கொடுத்தேன், ஆறிப்போனது. பெரிய கண்ணாடியைக் கழற்றுவார், துடைப்பார், மறுபடி போட்டுக்கொண்டு பெயர்ப் பட்டியலையே பார்ப்பார். கடைசியில் நான்காவதாக இருந்த ஒரு பெயர் மேல் பென்சிலை வைத்து, 'ஒண்ணும் இல்லப்பா, இவர் பேரை மட்டும் அடுத்த வரிக்குக் கொண்டுபோ, இடம் அடைக்குது' என்றார். இடமெல்லாம் அடைக்கவில்லை. அந்த அடுத்த வரிக்காரர் பொதுவீட்டை விற்க வேண்டும் என்று பேசியவர் என்பது எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. பத்திரிகை கைக்கு வந்த அன்றைக்கே சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

இதைப் படிக்கக் கற்றுக்கொண்டால் மீதியும் புரியும். 'பார்ப்போம்' என்றால் நடக்காது. 'வீட்டில் பேசிட்டுச் சொல்றேன்' என்றால் வீட்டில் பேசியாகிவிட்டது, அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். 'நல்லா இருக்கு' என்பது பாராட்டு, 'நல்லாத்தான் இருக்கு' என்றால் எங்கேயோ உப்புக் குறைந்திருக்கிறது.

எப்போதும் இப்படி வாயைக் கட்டிக்கொண்டிருந்த சீமையும் இல்லை இது. 1919-ல் பாரதி காரைக்குடிக்கு வந்து இந்து மதாபிமான சங்கத்தைப் பாடிவிட்டுப் போனார். 1927-ல் காந்தி வந்து கானாடுகாத்தானில் தங்கினார், இங்கத்து வீடுகளில் திணித்து வைத்திருந்த வெளிநாட்டுச் சாமான்களைப் பார்த்துவிட்டு, உட்காரவும் மூச்சுவிடவும் இடமில்லையே என்கிற மாதிரி வெளிப்படையாகவே பேசினார். விருந்துக்கு அழைத்தவர்களைப் பற்றியே இப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அதே பயணத்தில்தான் பக்கத்துச் சிராவயலுக்குப் போய், பின்னாளில் கம்யூனிஸ்ட் தலைவரான ஜீவாவைப் பார்த்தார். வருணாசிரமம் சம்பந்தமாக ஜீவா அவருக்கு எழுதிய கடிதம்தான் காரணம். அப்போது ஜீவாவுக்கு இருபது வயது. அதன் பிறகும் பாருங்கள், 1939-ல் சா. கணேசன் இங்கே கம்பன் கழகம் தொடங்கி ராமாயணத்தைக் கொண்டாடுகிறார், அதே ஊரிலிருந்து இராம. சுப்பையா கறுப்புச் சட்டைக்காரராகப் புறப்படுகிறார். ஊர் இரண்டையும் தாங்கியது. இப்போதுதான் ஒரு வாட்ஸப் ஸ்டேட்டஸுக்கு மாமனும் மச்சானும் பேச்சை நிறுத்துகிறார்கள்.

அரசியலுக்கு வருகிறேன். நான் எல்லாக் கட்சிக்கும் அடித்திருக்கிறேன். பழைய நாளில் ஒரு கட்சியின் வால்போஸ்டர் ஈரம் காயக் கொடியில் தொங்கும், அதற்குள் எதிர்க்கட்சிக்காரர் ஆர்டர் கொடுக்க வந்துவிடுவார், அவசரமாக ஒரு கெட்டி பிரவுன் தாளை எடுத்து மூடுவோம். அவரோ அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, 'எங்க மாப்ள படமா, நல்லா விழுந்திருக்கு' என்று சிரிப்பார். இப்போது வருகிறவர்கள் ஸ்கேலோடு வருகிறார்கள். கொள்கை வாசகத்தில் எழுத்துப்பிழை இருந்தால் கவலையில்லை, மாவட்டம் முகத்தைவிட ஒன்றியம் முகம் கால் இஞ்ச் பெரிதாகிவிட்டால் ராத்திரி பதினொரு மணிக்குப் போன் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. தேர்தல் நோட்டீஸ் அடித்தால் அச்சிட்டவர் பெயர், வெளியிட்டவர் பெயர், முகவரி எல்லாம் போட வேண்டும், வெளியிடுகிறவர் கையெழுத்துப் போட்டு, அவரைத் தெரிந்த இரண்டு பேர் சாட்சியும் வைத்த உறுதிமொழி வாங்க வேண்டும், பிரதியை மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்ப வேண்டும். நான் ஒழுங்காகச் செய்வேன். ஆனால் தேர்தலுக்கு முந்தின வாரம் தெருவில் கிடக்கிற தாள்களை எடுத்துப் பாருங்கள், எத்தனையில் அச்சகத்தின் பெயர் இருக்கிறது என்று. மோசமான சங்கதி எழுதிய தாளுக்கு எப்போதும் தாய் தகப்பன் கிடையாது. பாக்கி விஷயத்தில் மட்டும் எல்லாக் கட்சியும் சமம். தோற்றவர் தோற்றதால் தர மாட்டார், ஜெயித்தவரைப் பார்க்கவே முடியாது.

பட்ஜெட் வாசித்த நிதியமைச்சரைத் தில்லிக்கு அனுப்பிய தொகுதி சிவகங்கை என்று சொல்லிக்கொள்வதில் இங்கே எல்லாக் கட்சிக்காரருக்கும் உள்ளூர ஒரு பெருமை உண்டு. எனக்கும் உண்டு. ஆனால் பெரிய பெயரை ஜெயிக்க வைத்தோம் என்ற திருப்தியிலேயே வார்டு தேர்தலில் நாங்கள் கோட்டை விடுவோம். மழைக்காலத்தில் என் சந்தில் முழங்கால் அளவு நிற்கிற தண்ணீருக்கும் தில்லிக்கும் சம்பந்தமில்லை, கவுன்சிலருக்குத்தான் சம்பந்தம், அந்த ஓட்டைத்தான் சொந்தக்காரர், தெருக்காரர் என்று பார்த்துப் போடுகிறோம். 2024-ல் காரைக்குடி மாநகராட்சி ஆனது, கோட்டையூர், கண்டனூரையெல்லாம் சேர்த்தார்கள். அன்றைக்கு வாழ்த்து ஃப்ளெக்ஸ் அடித்தே எனக்குக் கை ஓய்ந்தது. ஃப்ளெக்ஸ் வைத்தவர்கள் எல்லாம் மனை வாங்கி விற்கிறவர்கள், கடைக்காரர்கள். மாநகராட்சியோடு சேர்ந்த கிராம ஊராட்சிகளில் நூறுநாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களுக்கு அந்த வேலை இனி இல்லை, வீட்டு வரி மட்டும் ஏறும். அவர்கள் யாரும் ஃப்ளெக்ஸ் அடிக்க வரவில்லை.

ஓட்டுக்குப் பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்கும் கவர் வந்தது. திருப்பிக் கொடுத்தோம் என்று பொய் சொல்ல மாட்டேன். என் மனைவி வாங்கி சாமி மாடத்தில் வைத்தாள், கொடுத்தவனுக்குத்தான் போட்டாயா என்று கேட்டதற்கு, 'சாமிக்கிட்ட கேளுங்க' என்றாள். இது தப்புத்தான். தப்பு என்று சொல்வதற்கு எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை, அன்று காலையில்தான் அந்தக் கட்சியின் பழைய பில்லுக்குப் பாதித் தொகை வந்திருந்தது.

சுற்றுலாக்காரர்களிடம் யாரும் சொல்லாத ஒன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தேவகோட்டைப் பக்கம் கண்டதேவியில் தேர் வடத்தை யார் பிடிக்கலாம் என்கிற சாதித் தகராறு நீதிமன்றம் வரை போய், பல வருஷம் தேர் ஓடாமல் நின்றது. 2024-ல் போலீஸ் பந்தோபஸ்தோடு ஓடியது. அழகு அழகாகப் போட்டோ பிடித்துப் போடுகிற செட்டிநாடும் இதுதான், அந்தத் தேர் நின்ற செட்டிநாடும் இதுதான். செட்டிநாடு என்றால் நகரத்தார், அதாவது செட்டியார்கள் மட்டும் என்கிற மாதிரி எழுதுவதும் எனக்கு ஆவதில்லை. பணம் அவர்களுடையது, ரசனையும் அவர்களுடையது, மறுக்கவில்லை. சுண்ணாம்பை அரைத்து முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கண்ணாடி மாதிரிச் சுவர் பூசிய கொத்தனார், ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி ஒவ்வொரு கல்லாக எடுக்கிறவர், பனையோலைக் கொட்டான் முடைகிற பெண்கள், அடுப்படியில் நிற்கிற சமையல்காரர், இவர்கள் பெயர் எந்தப் பத்திரிகையிலும் எந்த வரியிலும் வந்து நான் அச்சடித்ததில்லை.

சினிமா. ஏவி.எம். இங்கே பிறந்தது என்று சொல்லாத காரைக்குடிக்காரர் கிடையாது. ஓரளவு உண்மைதான், நாற்பதுகளில் மெய்யப்பன் இங்கே ஸ்டுடியோ போட்டார், 1947-ல் வந்த 'நாம் இருவர்' காரைக்குடியில் எடுத்த படம், அடுத்த வருஷமே எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வடபழனிக்குப் போய்விட்டார். அவர் இங்கேயே இருந்திருந்தால் இது இன்னொரு கோடம்பாக்கம் ஆகியிருக்கும் என்று டீக்கடையில் ஒரு கோஷ்டி இன்னும் ஏங்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த மண்ணின் சம்பிரதாயமே சம்பாதிக்க வெளியே போவது, வீட்டை மட்டும் இங்கே கட்டுவது. முன்னோர் பர்மாவுக்குப் போனார்கள், அவர் வடபழனிக்குப் போனார். சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன், பஞ்சு அருணாசலம், காரைக்குடி எஸ்.பி. முத்துராமன், எல்லோரும் ரயில் ஏறிப் பெயர் வாங்கியவர்கள்தான்.

கண்ணதாசனைப் பற்றி ஒன்று சொன்னால் எங்கள் ஊர்க்காரர்களே என்னை அடிக்க வருவார்கள். அவருடைய தத்துவப் பாட்டுகளைவிட, தன் வாழ்க்கையைத் தானே எழுதின உரைநடைதான் எனக்கு உசத்தி. எங்கே குடித்தேன், எங்கே ஏமாந்தேன், எந்தத் தலைவர் பின்னால் போய் என்ன கண்டேன் என்று ஒருத்தன் அச்சில் போடுவது சாதாரண விஷயமில்லை. அதுவும் எதையும் அடுத்த வரிக்கு நகர்த்திப் பேசுகிற இந்தச் சீமையில் பிறந்துவிட்டு! 1961-ல் தி.மு.க.வை விட்டு வெளியே வந்தார், நாத்திகத்திலிருந்து ஆத்திகத்துக்கும் வந்தார், ஒவ்வொரு தடவையும் முந்தினதை மறைக்கவில்லை. மணிமண்டபத்துக்கு மாலை போடுகிறவர்கள் அந்தப் பக்கங்களைப் படிப்பதில்லை.

இப்போது வருகிற படங்கள், சீரியல்களில் செட்டிநாட்டு வீட்டைக் காட்டினாலே எனக்குச் சிரிப்பு வரும். உள்ளே ஒரு மீசைக்காரர் ஊஞ்சலில் ஆடுவார், நாலு அடியாள் அரிவாளோடு நிற்பான், ஜமீன் என்பார்கள். தம்பி, அது ஜமீன் வீடு இல்லை, கணக்கு வீடு. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன இடத்தில் வட்டியை அணா பைசா விடாமல் எழுதினவர்கள் கட்டின வீடு. மகனுக்குக் கல்யாணம் ஆனால் அதே கூரைக்குக் கீழே தனி அடுப்புப் போட்டு 'வேறு வைத்து', வருஷத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று அளந்து கொடுத்துப் பழக்கினவர்கள். இந்த 'வேறு வைப்பது' ஒன்றை வைத்து எவ்வளவு நல்ல குடும்பக் கதை எடுக்கலாம். எடுக்க மாட்டார்கள், கேமராவுக்குத் தூண்தான் வேண்டும்.

சாப்பாட்டில் எனக்கு இருக்கிற கோபத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நெடுஞ்சாலையில் 'செட்டிநாடு' என்று போர்டு போட்டு, சிவப்பாக, எண்ணெய் மிதக்க, காது வழியே புகை வருகிற மாதிரி ஒன்றைக் கோழி என்று வைக்கிறார்களே, அது இங்கே எந்த வீட்டிலும் இல்லை. இங்கத்து ஆச்சிகள் கல்பாசியை இரண்டு விரலால் கிள்ளிப் போடுவார்கள். மராத்தி மொக்கு ஒன்று, அன்னாசிப்பூ ஒரு இதழ், அவ்வளவுதான். குழம்பு தண்ணீராக ஓடும், சோற்றில் பிசைந்தால்தான் வாசம் தெரியும். வெள்ளைப் பணியாரத்துக்கு அரிசி உளுந்து அளக்கிறதைப் பார்த்திருக்கிறீர்களா? உழக்கு நிறையப் பச்சரிசியை எடுத்து, தலை தட்டிவிட்டு, அதன் மேலேயே கோபுரமாக எவ்வளவு உளுந்து நிற்குமோ அவ்வளவுதான் உளுந்து. கூட ஒரு பிடி போனால் பணியாரம் எண்ணெய் குடித்துவிடும், குறைந்தால் விறைத்துவிடும். மாவை ஊற்றினால் ஓரம் மடிந்து, நடு உப்பி, வெள்ளையாகவே எழும்பி வர வேண்டும், துளி சிவந்தாலும் அந்த ஆச்சி அதை இலைக்கு அனுப்ப மாட்டார், அடுப்படிப் பிள்ளைகளுக்குப் போகும். சின்ன வயதில் பத்திரிகைக் கட்டைக் கொடுக்கப் போன வீடுகளில் எனக்குக் கிடைத்ததெல்லாம் அந்தச் சிவந்த பணியாரங்கள்தான். வரமிளகாய்த் துவையலோடு. இன்றைக்கும் எனக்கு வெள்ளையைவிட அதுதான் பிடிக்கும்.

வீட்டுப் பங்கு. இதில்தான் என் கருத்து உங்கள் ஆட்கள் யாருக்கும் பிடிக்காது. பூர்வீக வீட்டை விற்பது பாவமில்லை, பூட்டி வைத்து ஒழுகவிடுவதுதான் பாவம். முப்பது நாற்பது பங்காளி, ஆளுக்கொரு அறைச் சாவி, அவர்கள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் கோயம்புத்தூரிலும். வருஷத்துக்கு ஒரு தடவை முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு வருவார்கள், வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, 'எவ்வளவு பெரிய வீடு' என்று பெருமூச்சு விட்டுவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடுவார்கள். நாட்டு ஓடு ஒன்று நகர்ந்தால் போதும், இரண்டு மழையில் பர்மாத் தேக்குச் சட்டம் கறுத்துவிடும், நாலு மழையில் மேற்கூரை இறங்கும். ஓடு மாற்றக் காசு கேட்டால் முப்பத்தொன்பது பேர் சம்மதிப்பார்கள், ஒருவர் 'பார்ப்போம்' என்பார். 2014-லிருந்து யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இருக்கின்றன என்று பெருமையாகச் சொல்வோம். பட்டியல் ஓடு மாற்றாது.

முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளில் நிற்கிற கதவுகளைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் 'ஐயோ, இப்படி விற்றுவிட்டார்களே' என்பார்கள். அந்தக் கதவு அங்கே எண்ணெய் தடவி நிற்கிறது. பூட்டிய வீட்டில் இருந்திருந்தால் கரையான் தின்றிருக்கும். ஓட்டலாக மாற்றின வீடுகளையும் சிலர் குறை சொல்கிறார்கள், வளவில் வெள்ளைக்காரர்கள் அரை டிரவுசரோடு உட்கார்ந்து தோசை தின்கிறார்களாம். தின்றால் என்ன? அங்கே தினமும் விளக்கு எரிகிறது, நாலு பேருக்குச் சம்பளம் போகிறது.

அப்படிச் சொல்கிறேனே தவிர, எங்கள் அப்பா எழுத்துக் கோத்த மர அலமாரி, ஈய எழுத்து அப்படியே அறைகளில் கிடக்க, இன்னும் என் கடைப் பின்கட்டில்தான் நிற்கிறது. நல்ல விலைக்குக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. ஆகவே என் கருத்தை எந்த அளவுக்கு மதிக்க வேண்டுமோ அந்த அளவுக்கு மதியுங்கள்.

கடைசியாக உங்கள் பெரியப்பா. சென்னையில் வளர்ந்ததால் அப்படி எழுதியிருக்கிறீர்கள், இங்கே வந்தால் 'பெரியப்பச்சி' என்று கூப்பிடுங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். விசேஷ நாளில் பேச்சை எடுக்காதீர்கள், முகப்பில் உட்கார்ந்தும் எடுக்காதீர்கள், தெருவில் போகிறவர்கள் காதில் விழும் இடத்தில் எவரும் உண்மை பேச மாட்டார்கள். சித்திரை வெயிலில் ஓடு மாற்ற ஆள் விட்டிருப்பார், அன்றைக்குப் போங்கள். 'வீட்டை என்ன செய்யப் போறீங்க' என்று கேட்காதீர்கள். 'ஓடு மாத்துற செலவில் எங்க புள்ளிக்கு எவ்வளவு, போன வருஷம் நாங்க தர வேண்டியது பாக்கி இருக்கா' என்று கேளுங்கள். புள்ளி என்றால் கல்யாணம் ஆன ஒரு குடும்பத்தின் கணக்கு. எழுந்து உள்ளே போவார், உள்ளறையில் இருக்கிற பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்கும், சிவப்புத் துணி அட்டை போட்ட ஒரு நோட்டோடு திரும்பி வருவார். அதில் யார் எத்தனை வருஷமாகத் தரவில்லை என்று பெயர் பெயராக இருக்கும். அவர் பக்கத்தைப் புரட்டுகிறபோது குறுக்கே பேசாதீர்கள், எந்தப் பெயரில் விரல் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள்.